காவிரிக் கரையும் கப்பிச் சாலையும்

தஞ்சைத் தரணியில் ஊர் என்று ஒன்று இருந்தால் அதன் பக்கத்தில் ஓர் ஆறோ வாய்க்காலோ இருந்தே தீரும். கல்லணைக்கு வரும் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிகிறது. காவிரி மேலும் குடமுருட்டியாகவும் அரசலாறாகவும் கிளைக்கிறது. தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரிகிறது. நீடாமங்கலத்தருகே அதே வெண்ணாறு கோரையாற்றையும் பாமணியாற்றையும் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கிழக்கே போகிறது. 1934இல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாயோ தஞ்சை நகரின் வழியே சென்று, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக் கடைமடை வரை பாய்கிறது. ஆறு உள்ள இடத்தில் கரை உண்டு. கரை உள்ள இடத்தில் வழி உண்டு. அந்தக் கரைவழிகளைப் பற்றித்தான் எங்கள் கருத்தை இங்கே கூற விரும்புகிறோம்.

எங்கள் கருத்து இதுதான்: ஆற்றங்கரைகளுக்கு நல்ல கப்பி போட்டு, ரோலர் ஓட்டி, அவற்றைச் சைக்கிளில் போவோருக்கும் நடந்து போவோருக்கும் உரிய சாலைகளாக வைத்திருக்க வேண்டும். கனரக வண்டிகளுக்கு அவற்றைத் திறந்துவிடக் கூடாது.

‘இது என்ன பெரிய விஷயம்?’ என்று சிலர் கேட்கலாம். பத்தாம் வகுப்பில் படிக்கும் எங்களுக்கு இது பெரிய விஷயம்தான். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் கிராமத்திலிருந்து வருகிறவர்கள். பத்தாம் வகுப்பு வரை எப்படியோ வந்துவிட்டோம். அடுத்த ஆண்டு மேல்நிலை வகுப்பு. மாலையில் சிறப்பு வகுப்பு, செய்முறைத் தேர்வு, இவை முடிவதற்குள் ஊருக்குப் போகும் டவுன் பஸ் போய்விடும். அடுத்த பஸ் எப்போது என்பது ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும்தான் வெளிச்சம். ஒரு நாள் பஸ் வரவில்லை என்றால் அது ஒரு நாள் துன்பம். நாள்தோறும் வராது என்றால், “போதும் அம்மா, படித்தது போதும்” என்று வீட்டில் முடிவு செய்துவிடுகிறார்கள். மதிப்பெண் குறைந்து நின்றவர்களைவிட, வழி இல்லாமல் நின்ற அக்காமார்களே எங்கள் ஊர்களில் அதிகம்.

நமது அரசு 2001-2002ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா சைக்கிள் வழங்கத் தொடங்கிப் பின்னர் அதை எல்லாப் பிரிவு மாணவ மாணவியருக்கும் விரிவாக்கியது. பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தால் சைக்கிள் கிடைக்கும் என்பதே எங்களில் பலருக்கு ஒரு தூண்டுகோல். பீகார் மாநிலத்திலும் 2006 முதல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் தரப்பட்டது. அதனால் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் தொகை 32 சதவீதம் கூடியது என்று கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் கணக்கிட்டு 2017இல் வெளியிட்டார்கள். பள்ளிக்கூடம் எட்ட இருந்த ஊர்களிலேதான் பலன் மிகுதியாம். அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துப் புதுக்கோட்டையை நினைத்துப் பார்க்கலாம். 1991இல் அங்கே தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள் கிராமத்துப் பெண்கள். கல்லுடைத்த பெண்களும் வயலில் நின்ற பெண்களும், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். யாரோ ஏற்றிப் போகட்டும் என்று பஸ் நிறுத்தத்தில் காத்து நின்ற நிலை அவர்களுக்கு அன்றோடு மாறியது.

சைக்கிள் கிடைத்துவிட்டது, ஓட்டவும் வருகிறது. எங்கே ஓட்டுவது? நெடுஞ்சாலையில் பஸ்ஸும் டிப்பர் லாரியும் காற்றாய்ப் பறக்கின்றன. ஓரத்தில் சைக்கிளுக்கென்று ஒரு முழ இடமும் இல்லை. கரைவழியோ பல ஊர்களுக்குக் குறுக்கு வழி. நெடுஞ்சாலை ஊரைச் சுற்றிப் போகும். வாய்க்கால் ஊருக்குள்ளேயே வரும். ஆயினும் கரையில் பல இடங்களில் வெறும் மண்தான். எங்கள் மண் வண்டல் மண். நெல்லுக்கு அது தாய். சைக்கிளுக்கு அது பகை. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி அடைமழையில் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவே விடாது. சைக்கிள் நம்மைச் சுமப்பது போய், நாம் சைக்கிளைச் சுமக்கும் நாளும் உண்டு.

ஆகவேதான் கப்பி கேட்கிறோம். கப்பிச் சாலை என்றால் லாரியில் கல்லைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவதன்று. அப்படிக் கொட்டிய கல்லில் சறுக்கி விழுந்த தழும்பு எங்களில் பலருக்கு முழங்காலில் இருக்கிறது. அடிமண்ணை இறுக்கி, அதன்மேல் சரளையையும் செம்மண்ணையும் கலந்து பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்ட வேண்டும். கல்லைக் கல்லோடு பிடித்து வைப்பது அந்தச் செம்மண்தான். நடுவே சற்று மேடாக இருந்தால் மழைநீர் இரு பக்கமும் வழிந்துவிடும். மழைக்காலம் முடிந்ததும் பள்ளங்களை அடைத்தால் அடுத்த மழை வரை கவலை இல்லை.

“அதற்குத் தாரே போட்டுவிடலாமே, அதுதானே முன்னேற்றம்?” என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஊருக்கு ஊர் தார்ச்சாலை வேண்டும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் கரை என்பது முதலில் ஆற்றுக்கு வேலி. பிறகுதான் நமக்குச் சாலை. எங்களில் சிலர் வரும் ஒரு கரைக்குத் தார் போட்டார்கள். சில மாதங்கள் வழவழவென்று இருந்தது. பிறகு மண் ஏற்றிய லாரிகள் அதையே குறுக்கு வழியாகக் கொண்டன. இன்று தாரும் இல்லை, கரையும் பல இடத்தில் அமுங்கிக் கிடக்கிறது. கார்த்திகை வெள்ளத்தில் கரை உடைந்தால் நட்ட பயிரெல்லாம் நீரில் மூழ்கும் என்பதை உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சைக்கிளின் பாரம் கரைக்கு ஒரு பாரமா? மேலும், உடைப்பு என்பது பெரும்பாலும் ஒரு நண்டு வளையிலோ எலி வளையிலோ சிறு கசிவாகத்தான் தொடங்குகிறது. முன்பு லஸ்கர்கள் கரை கரையாக நடந்து கண்காணித்ததைத் தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாள்தோறும் இருநூறு பிள்ளைகள் ஒரு கரையில் போய் வந்தால், அந்தக் கசிவை முதலில் காணும் கண் எங்களுடையதாகவே இருக்கும்.

இந்தச் சாலை எங்களுக்கு மட்டும் பயன்படும் என்பதில்லை. ஆகஸ்ட் 29இல் கொடியேறிச் செப்டம்பர் 8இல் நிறைவுறும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் காவியுடை அணிந்து நடந்து போகும் திருப்பயணியரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். இருட்டில், நெடுஞ்சாலை ஓரத்தில், லாரி விளக்குகளுக்கு நடுவே செபமாலை சொல்லிக்கொண்டு போகிறார்கள். மர நிழலில், ஆற்றுக் காற்றில் அவர்கள் நடந்து செல்ல ஒரு வழி இருந்தால் எவ்வளவு நலம்! மேல்நாடுகளில் கப்பிச் சாலையில் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே பந்தயங்கள் நடக்கின்றன. 2022இல் இத்தாலியின் வெனெட்டோ வட்டாரத்தில் இதற்கென முதல் உலகப் போட்டியே நடந்தது. அந்த ஊர்க்காரர்கள் தேடிப் போகும் காட்சி நமக்கு வாசலிலேயே இருக்கிறது: ஜூன் மாதம் மேட்டூரில் திறந்த புதுத் தண்ணீர் நுரைத்து வருவதும், மதகில் அது இரைவதும், நாற்றங்காலில் பெண்கள் குனிந்து நிற்பதும், வாத்துக் கூட்டம் வரப்பேறுவதும், ஆடிப் பெருக்கன்று படித்துறைகள் நிறைவதும். கரையைக் காத்தால் இவற்றைக் காண வருவோரும் வருவர்; வருவோரால் ஊருக்கு நாலு காசும் வரும்.

அன்பிற்குரிய பெற்றோரே! உங்கள் அச்சம் எங்களுக்குத் தெரியும். கரைவழி ஆளில்லா வழி. ஒரு பக்கம் ஆழமான தண்ணீர். பெண்பிள்ளை தனியே வரலாமா என்று கேட்கிறீர்கள். ஆள் போகாததால்தான் அது ஆளில்லா வழி. ஓர் ஊர்ப் பிள்ளைகள் ஆறேழு பேர் சேர்ந்து கிளம்பி, ஒரே நேரத்தில் திரும்பினால், அந்த வழி தெருவைப் போல ஆகிவிடும். மதகுப் பாலங்களுக்குக் கைப்பிடிச் சுவரும், வளைவுகளில் ஒரு விளக்கும் வேண்டும் என்று எங்களோடு சேர்ந்து கிராம சபையில் நீங்கள் கேளுங்கள். ஆனால் உங்கள் அச்சத்தில் பாதி ஆற்றைப் பற்றியது அன்று, ஊர் வாயைப் பற்றியது. “பெரிய பெண் ஆகிவிட்டாள், இன்னும் என்ன சைக்கிள்?” என்று யாரோ சொன்ன ஒரு சொல்லுக்காகக் கூடத்துச் சுவரில் சாத்தி வைத்த சைக்கிள்கள் எத்தனை! டயரில் காற்று இறங்கியதை யாரும் கவனிப்பதில்லை. ஓட்ட வேண்டியவளின் முகமும் அப்படித்தான் இறங்கிப் போகிறது. அந்தச் சொல்லைச் சொன்னவர் நாளை எங்களுக்குச் சோறு போடப் போவதில்லை. எங்கள் படிப்புத்தான் போடும்.

நம் அருட்சகோதரியருக்கும் ஒரு விண்ணப்பம். சைக்கிளில் வருவோருக்கு மாலைச் சிறப்பு வகுப்பை இருட்டுவதற்கு முன் முடித்துத் தாருங்கள். சைக்கிள் ஓட்டத் தெரியாத தங்கைகளுக்குச் சனிக்கிழமைகளில் பள்ளி மைதானத்தில் கற்றுத்தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். பஞ்சர் ஒட்டவும் கழன்ற செயினை மாட்டவும் சொல்லித் தருவோம். பிறரை எதிர்பார்த்து வழியில் நிற்காதிருப்பதும் ஒரு கல்வியே அன்றோ?

மாணவத் தோழியரே! கப்பிக்கும் ரோலருக்கும் அரசைக் கேட்போம். பாலத்துக்கும் விளக்குக்கும் ஊராட்சியைக் கேட்போம். இவற்றில் எது முதலில் வருமோ தெரியாது. ஆனால் நாம் போகாத வழியை யாரும் நமக்காகச் செப்பனிடப் போவதில்லை. நம் பாட்டிமார் இதே கரையில் தலைச்சுமையோடு நடந்து வழி உண்டாக்கினார்கள். அவ்வழியில் புத்தகப் பையோடு சைக்கிளில் போவது நமக்குக் கிடைத்த பேறு. பதினொன்றாம் வகுப்பு மணியடிக்கும்போது நம்மில் ஒருத்திகூட வீட்டில் நின்றுவிடாதபடி, கரைவழி நெடுகிலும் நம் மணியொலி கேட்கட்டும்!

— பத்தாம் வகுப்பு மாணவி