ஏர் ரைஃபிள் பழக ஆசையா? துப்பாக்கியைக் கடைசியில் வாங்குங்கள்

1/
"டாக்டர், ஃபீல்ட் டார்கெட் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். எந்த ஏர் ரைஃபிள் வாங்கலாம்?" இங்கிலாந்தில் இருக்கும் நம்ம மக்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. என் பதில் பலருக்குப் பிடிக்காது: இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க.

2/
முதலில், இது என்ன விளையாட்டு? 1980களில் இங்கிலாந்தில் வளர்ந்தது. மரங்களுக்கு நடுவே சின்னச் சின்ன இரும்புத் தகடுகள் வைத்திருப்பார்கள். தகட்டில் ஒரு வட்ட ஓட்டை. குண்டு ஓட்டை வழியாகப் போனால் தகடு கவிழும். தகட்டின் முகத்தில் பட்டால் "டிங்" சத்தம்தான், தகடு நிற்கும்.

3/
தூரம் 8 முதல் 55 கெஜம். ஓட்டை 15 முதல் 40 மில்லிமீட்டர், அதாவது கட்டைவிரல் நகத்திலிருந்து எலுமிச்சம்பழம் வரை. தூரத்தை யாரும் சொல்ல மாட்டார்கள், நாமே கணிக்கணும். காற்று குண்டைத் தள்ளும். மெரினாவில் பலூன் சுட்ட அனுபவம் இங்கே செல்லாது 🙂

4/
ஏன் வாங்க வேண்டாம்? ஸ்பிரிங் துப்பாக்கி அதிரும், பழக நாளாகும். அழுத்தக் காற்று அடைத்த பிசிபி அதிராது. ஆனால் காற்று நிரப்ப சிலிண்டரோ பம்போ தனியாக வேணும். ஸ்கோப் செலவு வேறு. உங்கள் தோளுக்கும் கழுத்துக்கும் எது பொருந்தும் என்று கடை விளம்பரத்தைப் பார்த்துத் தெரியாது.

5/
பக்கத்து கிளப்புக்கு ஒரு ஞாயிறு காலை போய் நில்லுங்கள். புதியவர்களுக்குத் துப்பாக்கி கொடுத்துப் பழகவிடும் கிளப்கள் நிறைய உண்டு. போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். நாலைந்து வாரம் மற்றவர் துப்பாக்கியில் சுட்ட பிறகு உங்களுக்கே தெரியும், என்ன வாங்கணும், வாங்கணுமா என்பதே.

6/
ஆரம்பிக்க எளிய வழி, ஹண்டர் ஃபீல்ட் டார்கெட். ஓட்டையில் அடித்தால் 2 புள்ளி, தகட்டில் பட்டால் 1, தவறினால் 0. போட்டி தொடங்கிய பின் ஸ்கோப்பைத் திருகக் கூடாது. அதனால் விலை உயர்ந்த ஸ்கோப் இல்லாதவரும் தைரியமாக நிற்கலாம்.

7/
இனி டாக்டராக. மூச்சை முழுவதும் இழுத்து அடக்காதீங்க. இயல்பாக வெளியே விட்டு, அடுத்த மூச்சுக்கு முன் வரும் சின்ன இடைவெளியில் சுடணும். 6–8 வினாடிக்குள் முடியலையா? துப்பாக்கியை இறக்கி, மறுபடி ஆரம்பிங்க. ரொம்ப நேரம் அடக்கினால் கை நடுங்கும், பார்வை மங்கும்.

8/
குண்டு பெரும்பாலும் ஈயம். ஈயம் உடம்பில் சேர்ந்தால் நரம்பு, சிறுநீரகம், ரத்தம் எல்லாம் பாதிக்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து கூடுதல். குண்டை வாயில் கவ்வும் பழக்கம் வேண்டவே வேண்டாம். சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிட்டு சாண்ட்விச்சைத் தொடுங்க.

9/
"படபடப்பு குறைய ப்ராப்ரனலால் போடலாமா?" கூடாது. துப்பாக்கி சுடுதலில் பீட்டா பிளாக்கர் தடை செய்யப்பட்ட மருந்து. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜாங் சு இதற்காகவே இரண்டு பதக்கங்களை இழந்தார். பிபி, இதய நோய்க்காகச் சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தவும் கூடாது. உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.

10/
இந்த த்ரெட்டே இதுக்காகத்தான்: கண். "காத்துத் துப்பாக்கிதானே" என்பார்கள். இங்கிலாந்தின் 12 அடி-பவுண்ட் வரம்புக்குள் உள்ள .177 ரைஃபிளிலும் குண்டு வினாடிக்கு ஏறக்குறைய 240 மீட்டர் வேகத்தில் கிளம்பும். கண்ணைத் துளைக்க அதில் பாதிகூடத் தேவையில்லை. இரும்பில் பட்டுத் திரும்பும் சிதறலும் ஆபத்து. பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

11/
கண்ணில் பட்டுவிட்டால்: தேய்க்காதீங்க, கழுவாதீங்க, அழுத்தாதீங்க, எதையும் பிடுங்காதீங்க. காகிதக் கப்பை கண்ணில் படாமல் மேலே மூடி, உடனே மருத்துவமனை. அறுவை சிகிச்சை தேவைப்படலாம், சாப்பிட எதுவும் தராதீங்க.

12/
சட்டம்: 18 வயதுக்குக் கீழ் வாங்க முடியாது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் கையில் கிடைக்காமல் வைப்பதும் உங்கள் பொறுப்பு. ஸ்காட்லாந்தில் 2016 கடைசி முதல் சான்றிதழ் வேணும். வட அயர்லாந்தில் விதி இன்னும் கடுமை.

13/
நான் கடைசியில் வாங்கச் சொல்வதற்கு முக்கியக் காரணமும் இதுதான். கிளப் இல்லாமல் வீட்டுக்கு வரும் துப்பாக்கி, ரெண்டே மாதத்தில் அலமாரிக்குப் போகும். அலமாரியில் சும்மா கிடக்கும் துப்பாக்கியை ஒருநாள் பிள்ளை எடுப்பான். கிளப்பில் பழகியவருக்கோ குழாயை எங்கே திருப்பணும், எப்போது குண்டு போடணும் என்பது அனிச்சையாகவே வந்துவிடும்.

14/
தமிழ்நாட்டு நண்பர்களே, உங்களுக்கும் இதேதான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரை போனது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். பிள்ளைக்கு ஆசை இருந்தால் பயிற்சியாளர் இருக்கும் ரேஞ்சில் சேருங்கள். மொட்டைமாடியில் புறா சுட ஏர்கன் வாங்கித் தராதீங்க.

15/
குண்டு விலை குறைவு. கண் விலை? யோசியுங்க. வாங்குவதாக இருக்கும் நண்பருக்கு இதைப் பகிருங்கள்.