புதுவை கடலில் இறங்கலாமா? புயல் கூண்டு ஏறாத நாளிலும் ஆபத்து உண்டு!

புதுச்சேரி,

சாயங்காலம் 6 மணி ஆனால் கடற்கரைச் சாலையில் வண்டி ஓடாது. தலைமைச் செயலகத்தில் பைலை மூடிவிட்டு வருகிறவர், நேரு வீதிக் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறவர், கடலூர் பஸ்சுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று வருகிறவர் எல்லோரும் அங்கே ஒரு நடை நடப்பார்கள். காந்தி சிலை பக்கம் கொஞ்ச நேரம் நின்று கடலைப் பார்ப்பார்கள்.

பார்ப்பதோடு நின்றால் பாதகம் இல்லை. இறங்குகிறார்களே, அங்கேதான் வினை.

"கடல் அமைதியாத்தான் இருந்துச்சு. திடீர்னு ஒரு அலை வந்து இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு."

கடலில் ஆள் போன செய்தி எந்த ஊரில் இருந்து வந்தாலும் இந்தப் பேச்சு கூடவே வரும். கரையில் நிற்கிறவர் கண்ணுக்கு அது திடீர்தான். ஆனால் அந்த அலைக்குத் திடீர் இல்லை. பல ஆயிரம் கிலோ மீட்டர் நடந்து வந்த அலை அது. வரும் சங்கதி பல சமயம் ரெண்டு நாள் முன்பே ஐதராபாத்தில் தெரிந்துவிடுகிறது.

ஐதராபாத்தில் கடல் ஏது என்று கேட்க வேண்டாம். மத்திய அரசின் கடல்சார் தகவல் சேவை மையம் அங்கேதான் இருக்கிறது. இன்காய்ஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். எந்தக் கடலோரத்தில் எத்தனை மீட்டர் அலை வரும், எந்தப் பக்கம் இருந்து வரும் என்று தினமும் கணித்துச் சொல்வது அவர்கள் வேலை. மழையும் புயலும் வானிலை இலாகா பொறுப்பு. அலை இவர்கள் பொறுப்பு.

கள்ளனைப் போல வரும் கடல்

அலையில் ரெண்டு ஜாதி உண்டு.

ஒன்று, நம்ம ஊர்க் காற்று கிளப்பும் அலை. காற்று அடித்தால் எழும்பும், காற்று நின்றால் அடங்கும். வெள்ளை நுரையும் சலசலப்புமாக இருக்கும். இதைப் பார்த்தாலே ஜனங்கள் ஒதுங்கி நிற்பார்கள்.

இன்னொன்று, தூரத்துப் புயல் கிளப்பிவிட்ட அலை. தெற்கே, பனிக்கண்டத்தை ஒட்டிய கடலில் சூறைக்காற்று அடித்தால் அதில் கிளம்பும் அலை இந்து மகா சமுத்திரத்தைத் தாண்டி சில நாளில் நம்ம கரைக்கு வந்து சேரும். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். காற்றே இருக்காது. கடல் கண்ணாடி மாதிரி தெரியும். அந்த நேரத்தில் பத்துப் பன்னிரண்டு சின்ன அலைக்குப் பிறகு மூணு நாலு பெரிய அலை சேர்ந்தாற்போல் வரும்.

கேரள மீனவர்கள் இதற்கு வைத்த பெயர் கள்ளக்கடல். கள்ளனைப் போல சத்தம் இல்லாமல் வருவதால் அந்தப் பெயர். இப்போது சர்க்கார் அறிக்கையிலும் அதே பெயர்தான்.

2024 மே 6-ந்தேதி கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் நடந்தது நினைவிருக்கலாம். பயிற்சி டாக்டர்கள் 5 பேரை அலை கொண்டுபோனது. அந்த நாட்களுக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை முன்கூட்டியே வெளியாகி இருந்தது. எச்சரிக்கை இல்லாமல் அந்தச் சாவு நடக்கவில்லை. எச்சரிக்கை, மணலில் நின்றவர்கள் காதுக்குப் போய்ச் சேரவில்லை.

அது கன்னியாகுமரி, இது புதுச்சேரி என்று சொல்லலாம். வாஸ்தவம்தான். தென்மேற்கில் இருந்து வரும் அலைக்கு இலங்கை குறுக்கே நிற்பதால் நமக்கு வேகம் குறைவு. ஆனால் தெற்கிலும் தென்கிழக்கிலும் கதவு திறந்தே கிடக்கிறது. அந்த வழியாக அலை வருகிறது. புதுவைக்கு வடக்கே தந்திராயன்குப்பத்தில் வெள்ளைக்காரப் பையன்களும் நம்ம குப்பத்துப் பையன்களும் பலகை மேல் நின்று அலைச்சறுக்கு விளையாடுகிறார்களே, அவர்கள் காத்திருப்பது இந்த அலைக்காகத்தான். மாமல்லபுரத்தில் 2023-ல் உலக லீக் போட்டியும் 2025-ல் ஆசிய சாம்பியன் போட்டியும் ஆகஸ்டு மாதத்தில் நடந்ததற்குக் காரணமும் உண்டு. அந்த மாதத்தில் தெற்கு அலை வரும். காலையில் காற்று தரையில் இருந்து கடலுக்கு வீசுவதால் அலை சிதறாமல் எழும்பும்.

விளையாடத் தெரிந்தவனுக்கு அது வரப்பிரசாதம். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்கிற நமக்கு அது எமன்.

மணல் வந்த கதை

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பல வருஷம் இங்கே இறங்க மணலே கிடையாது. கருங்கல்தான். அதனால் கடலைப் பார்த்துப் பயம் இருந்ததோ இல்லையோ, பழக்கம் விட்டுப்போயிற்று.

மணல் போனது எப்படி? நம்ம கரையில் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கில் இருந்து வடக்கே நகர்கிறது. வாடைக் காலத்தில் கொஞ்சம் திரும்பி வரும். போவது அதிகம், வருவது குறைவு. கணக்குப் பார்த்தால் வருஷத்துக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் இப்படி நடக்கிறது. 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். வடக்கே நடந்துகொண்டிருந்த மணல் சுவரில் முட்டி நின்றுவிட்டது. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே டவுன் பக்கம் கரை கரைந்தது.

கல்லைக் கொட்டினார்கள். கல் போட்ட இடம் நின்றது, அடுத்த இடம் போயிற்று. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று அரிப்பு வடக்கே நடந்து, எல்லை தாண்டி கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை போனது. அங்கே இருப்பவர்கள் தமிழ்நாடு, இங்கே இருப்பவர்கள் புதுவை. கடலுக்கு செக்போஸ்ட் கிடையாது. இந்தப் பக்கம் போட்ட கல்லுக்கு அந்தப் பக்கம் வீடு விலை கொடுத்தது. பிறகு அங்கேயும் கல், அங்கேயும் தூண்டில் வளைவு.

2018-ல் சென்னையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வேறு வழி பார்த்தது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கு அடியில் ஆப்பு வடிவத்தில் ஒரு பெரிய இரும்புப் பெட்டியை இறக்கினார்கள். அலை கரைக்கு வருமுன் அதில் மோதி வேகம் குறைகிறது. பின்னால் மணல் தங்குகிறது. இன்று பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும் மணல் அப்படி வந்ததுதான்.

நல்ல காரியம். சந்தேகமே இல்லை. ஆனால் இது செய்து வைத்த கரை என்பதை மறக்கக் கூடாது. இந்த மணல் சில மாதம் வளரும், சில மாதம் தேயும். போன வாரம் இடுப்பளவு ஆழம் இருந்த இடம் இந்த வாரம் எப்படி இருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. மேலும், கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். கல் சுவர், தூண்டில் வளைவு, பழைய பாலத்துத் தூண் இப்படி ஏதாவது இருக்கும் இடத்தை ஒட்டி அது ஒரு வாய்க்கால் மாதிரி கடலுக்குள் ஓடும். மேலே பார்த்தால் அந்த இடத்தில்தான் அலை குறைவாக, சாதுவாகத் தெரியும். குளிக்க வருகிறவர் அதைத்தான் நல்ல இடம் என்று தேர்ந்தெடுப்பார்!

அதில் சிக்கியவர் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டால் களைத்துப்போவார். ஆளைக் கொல்வது அந்தக் களைப்புதான். பதறாமல் கரைக்கு இணையாக, தெற்கோ வடக்கோ கொஞ்ச தூரம் நீந்தினால் அந்த வாய்க்காலை விட்டு வெளியே வந்துவிடலாம். நீச்சல் தெரியாதவருக்கு இந்த யோசனையால் பிரயோஜனம் இல்லை. அவர் இறங்காமல் இருப்பதுதான் யோசனை.

கூண்டு எண் என்ன சொல்கிறது?

ஐப்பசி, கார்த்திகை வந்தால் கடை வாசலில் முதல் கேள்வி: "எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்காங்க?"

நம்பர் பெரிசானால் ஆபத்து பெரிசு என்று பொதுவில் நினைப்பு. பாதி சரி. 1-ம் எண் என்றால் தூரத்தில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், துறைமுகத்துக்கு உடனே ஆபத்து இல்லை. 2 என்றால் தூரத்தில் புயலே உருவாகிவிட்டது. 3, 4 வந்தால் நம்ம துறைமுகத்துக்கே காற்று வரலாம், உஷாராக இரு என்று அர்த்தம்.

5-க்கு மேல்தான் குழப்பம். 5, 6, 7 மூன்றும் ஒரே பலமுள்ள புயலுக்கு. 8, 9, 10 மூன்றும் அதைவிடக் கடுமையான புயலுக்கு. அந்த மூன்றுக்குள் வித்தியாசம் பலத்தில் இல்லை, திசையில் இருக்கிறது. புயல் துறைமுகத்தை இடது கைப் பக்கம் விட்டுப் போகுமா, வலது கைப் பக்கம் விட்டுப் போகுமா, நேராகத் தலைமேலேயே வருமா என்பதுதான் கணக்கு. மேற்கு நோக்கி வரும் புயலுக்கு இடது கை தெற்கு. ஆகவே 5 அல்லது 8 ஏறினால் புயல் நமக்கு வடக்கே கரை கடக்கிறது. 6 அல்லது 9 ஏறினால் தெற்கே கடக்கிறது. 7, 10 என்றால் நம்ம ஊரேதான். 11 ஏறினால் வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

தெற்கே கடக்கும் புயலைத்தான் புதுவைக்காரர் அதிகம் பயப்பட வேண்டும். நம்ம பக்கத்துப் புயல் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். புயலுக்கு வடக்கே இருக்கும் ஊருக்குக் காற்று கடலில் இருந்து கரையைப் பார்த்து அடிக்கும். தண்ணீரையும் தள்ளிக்கொண்டு வரும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கடந்தபோது நாம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தோம். காற்று மணிக்கு 140 கி.மீ. வரை போனது.

அதோடு ஒப்பிட்டால் 2024 நவம்பர் 30 இரவு வந்த பெஞ்சல் காற்றில் சாது. புயலாகுமா ஆகாதா என்றே கடைசி வரை இழுபறி. ஆனால் கரை கடந்த பிறகு நகர மாட்டேன் என்று நம்ம தலைக்கு மேலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்துகொண்டது. ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை. புதுவையில் அதற்கு முன் அப்படி ஒரு கணக்கு பதிவானதில்லை. ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் ஜனங்களைப் படகில் ஏற்ற ராணுவம் வந்தது. கடலோரத்துக் கல் சுவர் அங்கேயே நின்றது. தண்ணீர் பின்பக்கம், வானத்தில் இருந்து வந்தது. கூண்டு எண் காற்றைச் சொல்லும், மழையைச் சொல்லாது. கடைக்காரர்கள் கீழ்த்தட்டுச் சரக்கை எடுத்து மேலே வைப்பதற்குக் கூண்டைப் பார்த்தால் போதாது, மழை அறிக்கையையும் பார்க்க வேண்டும்.

வருஷக் கடைசி

மாசி, பங்குனியில் கடல் பெரும்பாலும் அடங்கி இருக்கும். ஆனால் அதுவும் சத்தியம் இல்லை. 2022 மார்ச்சில், புயல் சீசனே இல்லாத நேரத்தில், வங்கக்கடல் தாழ்வு மண்டலத்தின் அலை அடித்துப் பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. சித்திரை, வைகாசி கள்ளக்கடல் சீசன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலமும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஆடி, ஆவணியில் காலையில் கச்சான், சாயங்காலம் கடல் காற்று. ஐப்பசிக்குப் பிறகு வாடையும் கொண்டலும். சாதாரண நாளில் ஒரு மீட்டருக்குக் கீழே இருக்கும் அலை அப்போது ஒன்றரை, ரெண்டு மீட்டர் ஆகிவிடும்.

இந்த மீட்டர் கணக்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அறிக்கையில் 2 மீட்டர் என்று போட்டால் அதுதான் உச்சம் என்று அர்த்தம் இல்லை. பெரிய அலைகளில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துப் பார்த்த சராசரி அது. நடுவில் ஒன்று அதைப்போல் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வரும். இன்னொன்று, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் எத்தனை விநாடி என்பது. 6, 7 விநாடி என்றால் உள்ளூர் அலை. 15 விநாடிக்கு மேல் போனால் தூரத்து விருந்தாளி வந்திருக்கிறார். அலை உயரம், விநாடி, காற்றுத் திசை. இந்த மூன்றையும் தமிழில், ஐம்பது அடி தூரத்தில் இருந்து படிக்கும்படி ஒரு கரும்பலகையில் தினம் சாயங்காலம் காந்தி சிலை பக்கம் எழுதி வைத்தால் என்ன செலவு ஆகிவிடும்? ஒரு சாக்பீஸ் டப்பா. போலீஸ் விசிலைவிட அது நாலு பேருக்கு உறைக்கும் என்பது நம் அபிப்பிராயம்.

சுண்டல்காரரும் பலூன்காரரும் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். எச்சரிக்கை என்றாலே வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் பலகை கடலில் இறங்காதே என்றுதான் சொல்லும், கடற்கரைக்கு வராதே என்று சொல்லாது. ஒரு சாவு விழுந்தால் அந்த வாரம் முழுக்க மணலுக்குப் போக விடாமல் கயிறு கட்டிவிடுவார்கள். அப்போது வியாபாரம் என்ன ஆகும்?

கூட்டம் அதிகம் சேர்வது டிசம்பர் 31 ராத்திரி. பெங்களூரில் இருந்தும் சென்னையில் இருந்தும் வருகிறவர்களுக்கு இந்தக் கடல் குளுகுளு விருந்து. தேதியைக் கொஞ்சம் பாருங்கள். தானே வந்தது டிசம்பர் 30. அதற்கு 250 வருஷம் முன்பு, 1761 ஜனவரி 1-ந்தேதி, பிரெஞ்சுக்காரர் கோட்டையை வெள்ளையர் முற்றுகை போட்டிருந்தபோது வந்த புயலில் புதுவைக்கு எதிரே நின்ற அவர்களது போர்க் கப்பல்கள் பல நொறுங்கின. ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடியதும் அதே மாதம். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காற்று மழைக் கணக்கில் வராது, அதை விட்டுவிடலாம். பொங்கலுக்கு முன்னால் கடல் முழுசாக அடங்கிவிட்டது என்று சொல்ல யாருக்கும் தைரியம் வராது.

வெளியூர் ஒறமுறை வீட்டுக்கு வந்து, கடலுக்குப் போகலாம் என்று பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்தால், முதலில் செல்போனில் இன்காய்ஸ் அறிக்கையைப் பாருங்கள். அது முடியாதவர்கள் போகிற வழியில் வைத்திக்குப்பம் பக்கம் ஒரு பார்வை பாருங்கள். படகுகளை வழக்கத்தைவிட மேலே, வீட்டுத் திண்ணை வரை இழுத்துக் கட்டியிருந்தால், அன்றைக்குப் பிள்ளைகளைச் செருப்பைக் கழற்ற விடாதீர்கள்.