ஜிஞ்சர் பீர் தித்திக்கிறதா?

பீர் என்ற பெயரைப் பார்த்ததும் மாமியார்மார்கள் முகம் சுளிக்க வேண்டாம். இஞ்சி, எலுமிச்சை, சர்க்கரை, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைக்கும் பானம்தான் இது. இங்கிலாந்தில் பிறந்தது. அந்த நாளில் ஈஸ்ட்டுக்குப் பதில், ஜவ்வரிசிபோல் திரண்ட 'ஜிஞ்சர் பீர் செடி'யை உறையாகப் போடுவார்களாம். அது செடியே அல்ல, ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து வாழும் கூட்டு என்று 1892-இல் எழுதியவர் ஹாரி மார்ஷல் வார்ட். அதற்கு முன் இலங்கையில் காப்பிச் செடிகளை அழித்த இலை நோயை ஆராய்ந்தவரும் அவரே.

இந்தக் கோடையில் எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் இதைப் போட்டார்கள். மூவருக்கும் ஒரே குறை. "அக்கா, பாகு மாதிரி தித்திக்குது. என்ன செய்யட்டும்?"

இட்லி மாவு பொங்காவிட்டால் என்ன பார்ப்போம்? அதையேதான் இங்கும் பார்க்க வேண்டும். நாம் போட்ட சர்க்கரையை ஈஸ்ட் தின்றால்தான் இனிப்பு குறையும். தின்னவில்லையென்றால் ஈஸ்ட் பழசாக இருக்கும், அல்லது இஞ்சித் தண்ணீர் ஆறுமுன் போட்டிருப்பீர்கள். 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடிருந்தால் பாவம், அது செத்தே போய்விடும். அவசரப்பட்டு அன்றைக்கே ஃப்ரிஜ்ஜில் வைத்தாலும் வேலை செய்யாமல் தூங்கிவிடும்.

சரிசெய்ய, பாட்டிலில் இருப்பதை அகன்ற ஜாடியில் திரும்பக் கொட்டுங்கள். அரை டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் கால் ஸ்பூன் புது ஈஸ்ட்டும் கலந்து வையுங்கள். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் நுரைத்தால் ஈஸ்ட் உயிரோடிருக்கிறது. நுரைக்காவிட்டால் குப்பையில் போடுங்கள். நுரைத்ததை ஜாடியில் ஊற்றி, மெல்லிய துணியால் வேடு கட்டி ஒரு நாள் வையுங்கள். நடுநடுவே ருசி பாருங்கள்.

ஆனால் சகோதரிகளே, ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். தின்ற சர்க்கரை மாயமாய் மறைவதில்லை. ஏறக்குறைய பாதி வாயுவாகவும் பாதி ஆல்கஹாலாகவும் மாறுகிறது. இரண்டு லிட்டரில் 200 கிராம் சர்க்கரை போட்டு, தித்திப்பே இல்லாதவரை புளிக்க விட்டால், சுமார் 100 கிராம் ஆல்கஹால் சேர்ந்துவிடும். கடையில் விற்கும் பீருக்கு அது கொஞ்சமும் குறைந்ததில்லை! அதைப் போய்ப் பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்கு டம்ளரில் ஊற்றிக் கொடுக்கலாமா?

இரண்டு நாள் புளித்ததிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஆகவே குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் ஈஸ்ட் போட்டதே வேண்டாம் என்பேன். இஞ்சியைத் தட்டிச் சர்க்கரையோடு கொதிக்க வைத்து, வடிகட்டி ஆறவிட்டு, எலுமிச்சை பிழிந்து, குடிக்கும்போது சோடா கலந்தால் போதும். தித்தித்தால் இன்னும் கொஞ்சம் சோடா! பெரியவர்களுக்கும் தித்திப்புக் கொஞ்சம்தான் கூடுதல் என்றால், மறுபடி புளிக்க வைப்பதைவிட டம்ளரில் பாதிக்குக் குளிர்ந்த நீர், எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு சேர்ப்பதே நல்லது.

ஜாடியில் இருப்பதைப் பாட்டிலில் அடைக்கும்போது இன்னும் ஜாக்கிரதை வேண்டும். தித்திப்பு மிச்சம் இருக்கிறது என்றால் வாயுவும் இன்னும் வரப்போகிறது என்று அர்த்தம். கண்ணாடி பாட்டிலை இறுக்கி மூடி அலமாரியில் வைத்தால் வெடித்துச் சிதறும். எதிர்வீட்டில் மூடி மட்டும் பறந்து உத்தரத்தில் மோதியது. நல்லவேளை, தொட்டில் அடுத்த அறையில் இருந்தது. குளிர்பானம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலே மேல். மேலே நாலு விரல்கடை காலி விட்டு மூடுங்கள். காலையும் மாலையும் அமுக்கிப் பாருங்கள். கல்லாகக் கெட்டிப்பட்டதும் ஃப்ரிஜ்ஜில் வைத்து, இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். திறக்கும்போது பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கு மேலே பிடித்து, முகத்தை விலக்கிக்கொண்டு, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள்.