பொருத்தம் பார்க்கும் ரத்தத் துளி

“தாயும் பிள்ளையும் ஒன்றானாலும் வாயும் வயிறும் வேறு” என்பார்கள் நம் பெரியவர்கள். உடலின் கணக்கிலும் இது உண்மையே! ஒருவர் தோலையோ சிறுநீரகத்தையோ எடுத்து இன்னொருவர் உடலில் வைத்தால், உடல் அதை அந்நியன் என்று கண்டு விரட்டுகிறது. இரண்டாம் உலக யுத்த காலத்தில், தீக்காயம் பட்டவர்களுக்குத் தோல் ஒட்டும் ஆராய்ச்சியில் இறங்கிய ஆங்கில விஞ்ஞானி பீட்டர் மெடவார் இதைத் தெளிவாக்கினார். 1960-ல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்.

அந்நியனை உடல் எப்படி அறிகிறது? திசுக்களின் மேல் முத்திரைகள் இருக்கின்றன. பாதி தந்தை வழி. பாதி தாய் வழி. உடன்பிறந்தார் இருவருக்கு எல்லா முத்திரைகளும் ஒத்துப்போக நாலில் ஒரு பங்கே வாய்ப்பு. முற்றிலும் ஒவ்வாமல் போகவும் அதே வாய்ப்பு உண்டு.

இந்தப் பொருத்தம் பார்க்க எளிய வழி கண்டவர் பால் தெரசாகி. அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினர். 1942-ல் சிறுவனாக இருந்தபோது, குடும்பத்தோடு முள்வேலி முகாமில் அடைக்கப்பட்டார். சொந்த நாடே அந்நியனாகக் கருதிய அந்தப் பையன், பின்னாளில் மெடவாரிடம் பயிற்சி பெற்றார். 1964-ல் அவர் வெளியிட்ட சோதனைக்கு, ஒரு மில்லி லிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு சீரமே போதும்! பல பிள்ளை பெற்ற தாய்மாரின் ரத்தத்தில் இத்தகைய சீரம் கிடைத்தது. குழந்தையிடமுள்ள தந்தை வழி முத்திரைகளைத் தாயின் உடல் அறிந்து வைத்திருப்பதே காரணம். உலகெங்கும் ஆஸ்பத்திரிகள் இச்சோதனையை ஏற்றன. தெரசாகி 2016-ல் காலமானார்.

எர்ணாவூரின் துயரம்

1980-களில் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்தது. பொருத்தம் குறைந்த சிறுநீரகமும் இதனால் நிலைத்தது. பல உயிர்கள் பிழைத்தன. ஆனால் கூடவே தரகரும் வந்தார்! உறவினர்தான் வேண்டும் என்பதில்லை. எந்த ஏழையும் போதும் என்றாயிற்று. இந்த வியாபாரத்தைத் தடுக்க 1994-ல் சட்டம் பிறந்தது.

சட்டம் இருந்தும் என்ன? 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வடசென்னை மீனவர்களின் வீட்டையும் வலையையும் வாரிக்கொண்டு போயிற்று. எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட பெண்கள் பலர் கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2007 ஜனவரியில் வெளியாகி நாட்டையே உலுக்கியது. பேசிய பணம் முழுவதும் கைக்கு வரவில்லை என்ற முறையீடும் எழுந்தது.

“அவர்களாகச் சம்மதித்துத்தானே கொடுத்தார்கள்?” என்று வாதிப்பவர்கள் உண்டு. அவர்களை ஒன்று கேட்கிறோம்: பங்களாவிலிருந்து குடிசைக்கு ஒரு சிறுநீரகமாவது விலைக்கு வந்ததுண்டா? பசி போட்ட கையெழுத்தைச் சம்மதம் என்பது எந்த நியாயம்? ரத்தச் சோதனை திசுவின் பொருத்தத்தைச் சொல்லும். மனத்தின் சம்மதத்தைச் சொல்லாது.

வழி உண்டு

மூளைச் சாவு அடைந்தவரின் உறுப்புகளைத் தானமாகப் பெறுவதே நேர்மையான வழி. அங்கே முன்பதிவு வரிசையும் பொருத்தமும்தான் பேசும்; மடிசீலை பேசாது. 2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச் சாவடைந்த மகனின் உறுப்புகளை ஒரு டாக்டர் தம்பதியர் தானம் செய்தது தமிழகத்தின் கண்ணைத் திறந்தது. இத்தகைய கொடையாளரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை உண்டென்று 2023-ல் அரசு அறிவித்தது. ராயபுரத்தை அடுத்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலும் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு. காசிமேடு முதல் எண்ணூர் வரை ஒவ்வொரு குப்பமும், ஆலைத் தொழிலாளர் வீடும் உறுப்பு தானத்தைப் பற்றி இன்றே பேசி வைக்கட்டும். துக்கம் சூழ்ந்த நேரத்தில் யோசிக்க முடியாது. இரண்டாவது, கடல் பொங்கினாலும் ஆலை மூடினாலும் நிவாரணம் தரகருக்கு முன்னால் வாசலுக்கு வந்து சேரட்டும். வலை போன வீட்டுக்கு உடனே வலை கொடுத்தால், அந்த வீட்டுப் பெண்மணி சிறுநீரகத்துக்கு விலை பேச மாட்டாள்!