வெட்கப்பட வேண்டியது பழைய காருக்கா, பட்டி பூசிய துருவுக்கா?



"இன்னுமா இந்த டப்பாவை வைத்திருக்கிறீர்கள்? ஒரு லோன் போட்டுப் புதிதாக எடுத்துவிட வேண்டியதுதானே!" ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடும் இரண்டு நிமிடத்திற்குள் இப்படியொரு நல்லுரை நம் சமுதாயத்தில் சரளமாக வழங்கப்படுகிறது. கேட்பவர் கூனிக் குறுகிப் போகிறார். அவருடைய மாருதி 800 இருபது ஆண்டுகளாக அவர் குடும்பத்தைச் சுமந்திருக்கிறது. உம்மாவை மருத்துவமனைக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திற்கும், மணமகளாய் மகளையும் அது கொண்டு சேர்த்திருக்கிறது. ஆயினும் அந்த ஒரு சொல்லுக்குப் பின் அவர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். வட்டிக்குக் கடன் வாங்கிப் புது வண்டி எடுக்கிறார். அல்லது இருக்கிற வண்டிக்குப் பளபளவென்று பெயிண்ட் அடித்து, புது சீட் கவர் மாட்டி, மானத்தைக் காப்பாற்றிக்கொண்டதாக எண்ணுகிறார். இரண்டுமே பிறர் கண்ணுக்காகச் செய்யப்படுபவை. இரண்டையும் நாம் மறுக்கிறோம். வீட்டு முற்றத்தில், சொந்தக் கையால், கையிலுள்ள பணத்துக்குள், வண்டியை உள்ளிருந்து சீர்செய்யும் வழி ஒன்று இருக்கிறது. அதை இழிவென்று கருதும் மனப்பான்மையைத்தான் இங்கே எதிர்க்கிறோம்.

முதலில் கடனின் கணக்கைப் பார்ப்போம். ஐந்து லட்சம் ரூபாய் கடன், ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டி, ஏழு ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதந்தோறும் சுமார் 8,300 ரூபாய் கட்ட வேண்டும். 84 மாதங்களில் கட்டி முடிக்கும் தொகை ஏறத்தாழ 6,97,000 ரூபாய். வட்டி மட்டும் 1,97,000. வட்டி ஹராம் என்று மதரஸாவில் பிள்ளைக்கு நாம் ஓதிக் கொடுக்கிறோம். பிள்ளை வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் நிற்பது வட்டியில் வந்த வண்டி. அந்தப் பிள்ளை எதை நம்பும்? பிழைப்புக்கு வழியின்றித் தவிப்பவரைப் பற்றி நாம் பேசவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, மச்சான் வீட்டில் புது வண்டி நிற்கிறது என்பதற்காகக் கடனில் இறங்குபவரைப் பற்றியே பேசுகிறோம்.

பழைய வண்டி எல்லாம் குப்பை என்போர் மாருதி 800 இன் அமைப்பைச் சற்று அறிந்துகொள்ளட்டும். 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை 28 லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட வண்டி அது. மூன்று சிலிண்டர், 796 சிசி இன்ஜின். வண்டியின் எடையே சுமார் 650 கிலோதான். பானெட்டைத் திறந்தால் ஒவ்வொரு பாகமும் கைக்கு எட்டும். கார்பரேட்டர் வைத்த பழைய மாடல்களில் கணினி ஏதும் குறுக்கே நிற்பதில்லை. 10, 12, 14, 17 எண் ஸ்பேனர்களும், ஒரு பிளக் ஸ்பேனரும், நல்ல ஸ்க்ரூ டிரைவர்களும் இருந்தால் பெரும்பாலான வேலைகளைத் தொடங்கிவிடலாம். அதே 796 சிசி இன்ஜின் ஆம்னி வேனிலும் ஓடியதால், சிற்றூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் உதிரிகள் கிடைக்கின்றன. புதிதாய்க் கிடைக்காத கண்ணாடியோ கதவோ வேண்டுமெனில் சென்னைப் புதுப்பேட்டை இருக்கிறது. பிற்கால எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் சில கோளாறுகளுக்கு ஸ்கேனர் தேவைப்படும்; அந்த வேலைக்கு மட்டும் பட்டறைக்குப் போனால் போதும்.

ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுக்கத்தான் நம்மவர்க்கு மனம் வருவதில்லை. கரி படிந்த கை கௌரவக் குறைவாம்! வளைகுடா நாடுகளின் பட்டறைகளில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் இதே வேலையைச் செய்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள்? அங்கிருந்து வரும் பணம் இனிக்கிறது. அதே மகன் விடுமுறையில் வந்து சொந்த வாசலில் காருக்கு அடியில் படுத்தால், "உள்ளே வா, தெருவே பார்க்கிறது" என்று வாப்பா அதட்டுகிறார். தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்ட, தம் ஆடைக்குத் தாமே ஒட்டுப் போட்ட நபி (ஸல்) அவர்களின் உம்மத் அல்லவா நாம்! தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததாகத் திருமறை கூறுகிறது. இரும்போடு உழைப்பது இறைத்தூதர் ஒருவருக்கு இழிவாகவில்லை. நமக்கு மட்டும் எப்படி இழிவாயிற்று?

இனி இரண்டாவது கூட்டத்தாரிடம் வருவோம். இவர்கள் கடன் வாங்குவதில்லை. "நான் வண்டியை ரெஸ்டோர் செய்துவிட்டேன்" என்று பெருமை பேசுவார்கள். என்ன செய்தார்கள் என்று பார்த்தால் பெயிண்ட், சீட் கவர், பாட்டுப்பெட்டி, அலாய் வீல். மிதியடியைத் தூக்கினால் தரைத்தகட்டில் ஓட்டை வழியே தார்ச்சாலை தெரிகிறது. கதவின் அடி விளிம்பிலும், கதவுக்குக் கீழுள்ள படித்தகட்டிலும், பேட்டரி வைக்கும் தட்டிலும் துரு தின்றிருக்கிறது. அதன்மேல் பட்டி பூசி, தேய்த்து, வண்ணம் அடித்திருக்கிறார்கள். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று இந்த வேலையை இன்னும் விரைவாகச் செய்கிறது. பட்டி துருவைக் கொல்வதில்லை, மூடி வைக்கிறது. உள்ளே ஈரம் தங்க, மூன்றாம் மழைக்குள் கொப்புளம் கிளம்பும்.

அதற்குள் வண்டியை விற்றுவிடலாம் என்பதுதான் பலரின் கணக்கு. உணவுத் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டபோது விரலில் ஈரம் தட்டுப்பட்டதையும், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்காத வியாபாரியை அவர்கள் கண்டித்ததையும் நாம் மேடைதோறும் சொல்கிறோம். பட்டிக்குள் துருவை மறைத்து விற்பது அந்தக் குவியலே அல்லவா? வாங்குவோர்க்கு ஒரு சிறு சோதனை சொல்கிறோம்: மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவின் அடியிலும் சக்கர வளைவிலும் நகர்த்துங்கள். பட்டி கனமாக உள்ள இடத்தில் காந்தம் பிடிக்காது.

அப்படியாயின் முதல் ரூபாயை எங்கே செலவிட வேண்டும்? கண்ணுக்குத் தெரியாத இடத்தில். அதிலும் முதலில் பிரேக். ஒரு நல்ல சீட் கவர் வாங்கும் பணத்தில் முன் சக்கர டிஸ்க் பேட், பின் சக்கர பிரேக் ஷூ, கசியும் வீல் சிலிண்டர் ஆகியவற்றை மாற்றிவிடலாம். பின் டிரம்மைக் கழற்றியதும் உட்புறம் ஈரமாக இருந்தால் சிலிண்டர் கசிகிறது என்று பொருள். துடைத்துவிட்டு மூடுவது மடமை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை தாழ்ந்து, நீண்ட இறக்கத்தில் பெடல் பஞ்சாய் அமுங்கும்; சிலிண்டரின் உட்சுவரும் துருப்பிடிக்கும். ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றி, ஒருவர் பெடலை மிதிக்க மற்றவர் நிப்பிளைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். பிரேக்கை முதல்முறை கழற்றும்போது வேலை தெரிந்த மெக்கானிக் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீணன்று.

அடுத்தது டயர். ஓட்டம் குறைந்த பழைய கார்களில் டயரின் பூ நன்றாகவே இருக்கும், ரப்பர் செத்திருக்கும். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் ஒன்று அச்சாகியிருப்பதைப் பாருங்கள். 2317 என்றிருந்தால் 2017 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பிறகு பெட்ரோல் குழாய்கள். இன்று பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதன்று. எத்தனாலைத் தாங்கும் குழாயும் புது கிளிப்பும் பெரும் செலவில்லை. சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டினால் என்னவாகும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. ரேடியேட்டரில் போர்த் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தையும் விடுங்கள். உப்புப் படிந்து வழி அடைபடும். இன்ஜின் கொதித்தால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து கேஸ்கட் போய்விடும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுவதே முறை. துருவேறிய தகட்டை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்க வேண்டும். அது டிங்கரிங் பட்டறையின் வேலை. பெட்ரோல் டேங்க் அருகே வீட்டில் வெல்டிங் செய்ய முனையாதீர்கள். வெல்டிங் முடிந்தபின் பிரைமர் அடிப்பதும் அடித்தளப் பூச்சு பூசுவதும் வீட்டிலேயே ஆகும். பெயிண்டுக்குப் பணம் மிஞ்சவில்லையா? மிஞ்சாமல் இருக்கட்டும்.

இந்த இடத்தில் ஒரு கண்டிப்பு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைப்பது வீரமன்று. ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பது அதைவிட மோசம். அது விரிசல் காட்டி எச்சரிப்பதில்லை, ஒரே நொடியில் நொறுங்கிவிடும். சமதளத் தரை, மறுபக்கச் சக்கரங்களுக்கு அடைகட்டை, இரும்பு ஸ்டாண்டு ஆகிய மூன்றும் இல்லாமல் அடியில் போகாதீர்கள்.

சிக்கனத்தின் பெயரால் நடக்கும் மற்றொரு கொடுமையையும் சொல்லாமல் விட முடியாது. வீட்டு அடுப்பு சிலிண்டரிலிருந்து காருக்கு எரிவாயு மாற்றுகிறார்கள். சட்டப்படி அது குற்றம். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே பறந்து போகாமல் வண்டியின் தரையிலும் முற்றத்திலும் தேங்கி நின்று, ஒரு பொறிக்குக் காத்திருக்கும். பின் இருக்கையில் குழந்தைகளை அமர்த்திக்கொண்டு இப்படி ஓட்டுபவரைச் சிக்கனக்காரர் என்று அழைக்க நமக்கு நா எழவில்லை.

"பழைய வண்டி பாதுகாப்பற்றது" என்று மறுப்போர் சொல்வதில் உண்மை உண்டு. மாருதி 800 இல் காற்றுப்பை கிடையாது, உடல்தகடு மெலிது. நான்குவழிச் சாலையில் பேருந்துகளோடு போட்டியிட்டுச் சென்னைக்குப் பறக்க அது ஏற்ற வண்டியன்று. நெடும்பயணத்திற்கு ரயிலில் செல்லுங்கள். ஊருக்குள் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கடைக்கும் மருத்துவமனைக்கும் போவதற்கே அது. வண்டியின் சஸ்பென்ஷன் போல்ட்டு ஏறும் இடமே துருவால் உதிர்ந்திருந்தால் அந்த வண்டியைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். உதிரிகளைக் கழற்றிக்கொண்டு, பதிவை முறைப்படி நீக்கி, எடைக்குப் போட்டுவிடுங்கள். நீலப் புகை கக்கும் இன்ஜினைச் சரிசெய்யாமல் ஓட்டுவதும் கூடாது. அண்டை வீட்டார் மூச்சில் நமக்கு உரிமையில்லை.

"அரசாங்கச் செலவு அதிகம்" என்பது அடுத்த மறுப்பு. பதினைந்து ஆண்டு கடந்த காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபதிவு வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அதன் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று; இருபது ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 இல் 10,000 ஆக்கப்பட்டது. ஏழைகளுக்கு இது பாரம்தான். பழையதைப் பேணுபவரைத் தண்டிக்கும் போக்கு என்றே நாம் கருதுகிறோம். ஆனாலும் 10,000 ரூபாயை அறுபது மாதங்களுக்கு வகுத்தால் மாதம் 167 ரூபாய். அதைப் புது வண்டியின் 8,300 ரூபாய்த் தவணைக்கு அருகில் வைத்துப் பாருங்கள். பசுமை வரி, மூன்றாம் நபர் காப்பீடு, புகைச் சான்று எல்லாம் சேர்ந்தாலும் அந்த இடைவெளி மூடுவதில்லை. வண்ணத்தை மாற்றினாலோ வேறு இன்ஜின் வைத்தாலோ ஆர்.சி.யில் பதிவுசெய்ய மறவாதீர்கள், எஃப்.சி.க்குப் போகுமிடத்தில் அலைச்சல் மிஞ்சும்.

தாய்மார்களே, இது ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமான வேலை என்று மகளை உள்ளே அழைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டெப்னி மாற்றவும், ஆயில் அளவுக்கம்பியை உருவிப் பார்க்கவும், ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது என்று அறியவும் அவளுக்கும் தெரிந்திருக்கட்டும். கணவர் வெளிநாட்டில் இருக்க, இரவில் காய்ச்சலோடு பிள்ளையை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுப்பவள் அவள்தானே!

எங்கே தொடங்குவது என்று கேட்போருக்கு: வரும் ஞாயிறு ஃபஜ்ருக்குப் பின் வெயில் ஏறுமுன் நான்கு மிதியடிகளையும் தூக்கி வெளியே போடுங்கள். தரைத்தகட்டை ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த இடத்தில் சாக்கட்டியால் வட்டமிடுங்கள். பிறகு கதவுகளைத் திறந்து, அடி விளிம்பில் மண்ணடைத்துக் கிடக்கும் சிறு வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். தேங்கிய தண்ணீர் வடியும். இதற்குக் காசு ஒன்றும் ஆகாது. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் முடித்துவிடுங்கள்.