வாரத்தில் இரண்டு நாள் பாடசாலை: யாருக்கான தெரிவு?

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் சில பிள்ளைகள் வாரத்தில் இரண்டு, மூன்று நாட்கள் மட்டுமே வகுப்பறைக்குச் செல்கின்றனர். மீதி நாட்களில் வீட்டிலேயே படிப்பு. இந்தக் கலப்பு முறையை ஆராய்பவர் கெனசோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் எரிக் வேர்ன். முன்னர் ஆளுநரின் கீழ் இயங்கும் மாணவர் அடைவு அலுவலகத்தில் பணியாற்றியவர். பரீட்சைப் பெறுபேறுகளை அளக்கும் இடத்திலிருந்து, அளவுகோலுக்குள் அடங்காத பாடசாலைகளை நோக்கி அவர் வந்திருப்பது கவனிக்கத்தக்கது. 2020இல் வெளியான அவரது நூலின் துணைத்தலைப்பு 'சிறு படையணிகள்'. அந்தச் சொல் எமக்கு வேறு நினைவுகளைத் தரும். எட்மண்ட் பேர்க் அதனால் குறித்தது மனிதர் முதலில் பற்றுவைக்கும் சிறு வட்டங்களை.

பெற்றோர் புள்ளிகளை மட்டும் பார்த்துப் பாடசாலையைத் தெரிவதில்லை என்பது உண்மைதான். ஆனால் 'தெரிவு' என்ற சொல்லுக்கு அங்கு ஒரு கறைபடிந்த வரலாறும் உண்டு. கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள மறுத்து, வேர்ஜினியாவின் பிரின்ஸ் எட்வேர்ட் மாவட்டம் 1959இல் பொதுப் பாடசாலைகள் அனைத்தையும் மூடியது. வெள்ளையினப் பிள்ளைகளுக்குத் தனியார் பாடசாலையும் அதற்கான உதவிப்பணமும் கிடைத்தன. கறுப்பினப் பிள்ளைகளில் பலருக்கு ஆண்டுக்கணக்கில் வகுப்பறையே இல்லை. 1964இல்தான் பொதுப் பாடசாலைகள் மீண்டும் திறக்கப்பட்டன.

ஜோர்ஜியாவின் 2024ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியானதல்ல. பின்தங்கிய பாடசாலைகளின் எல்லைக்குள் வாழும் பிள்ளைகளுக்கே ஆண்டுக்கு 6,500 டொலர் வழங்குகிறது. ஆயினும் கலப்பு முறைக்குப் பணத்தைவிட நேரம்தான் அதிகம் தேவை. மணிக்கூலிக்கு வேலை செய்யும் தாயொருவர் மீதி மூன்று நாட்களும் வீட்டில் இருப்பதற்கு அந்தத் தொகை போதாது.