முதலில் பரிசோதனை, பிறகு கசாயம்

கல்முனையிலும் அதை அண்டிய மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் போன்ற ஊர்களிலும் ஒருவருக்குப் புற்றுநோய் என்ற செய்தி பரவினால், வீட்டுக்கு வருவோர் ஆளுக்கொரு மருந்து சொல்லிச் செல்வது வழக்கம். ஒருவர் பட்டிப்பூ இலையை அவித்துக் குடிக்கச் சொல்வார். இன்னொருவர் கருஞ்சீரக எண்ணெய் என்பார். சிங்களத்தில் கட்டு அனோதா எனப்படும் முள் அன்னமுன்னாவின் இலைதான் கைகண்ட மருந்து என்று வேறொருவர் கைத்தொலைபேசியில் வந்த செய்தியைக் காட்டுவார். எல்லாம் அன்பினால் சொல்லப்படுபவைதான். ஆனால் இந்த அன்பான ஆலோசனைகளுக்கு நடுவே நோயாளியின் நாட்கள் கழிந்து போகின்றன. அதைப் பற்றியே இங்கு உங்களோடு பேச விரும்புகின்றோம்.

நாட்டு வைத்தியத்தை இகழ்வது எமது நோக்கமல்ல. ஆஸ்பத்திரி எட்டாத காலத்தில் எமது கிராமங்களைக் காத்தவர்கள் பரிசாரிமாரே. எலும்பு முறிவுக்கும், விசகடிக்கும், பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய பராமரிப்புக்கும் அவர்களை நம்பியே எமது மூத்தோர் வாழ்ந்தனர். அந்த அறிவு எமது சொத்து. சொத்தென்றால் அதன் பெறுமதியையும் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். வயலின் எல்லை தெரியாதவன் வயலைக் காப்பாற்ற முடியாது என்பது விவசாயிகளாகிய உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இடம்பெயர்வு பறித்தது எதை?

1990ஆம் ஆண்டின் வன்செயல்களும் 2004 டிசம்பர் 26இல் வந்த கடற்கோளும் இக்கரையின் தமிழ், முஸ்லிம் குடும்பங்களை வீட்டிலிருந்தும் காணியிலிருந்தும் பெயர்த்தன. நெல்வயலை இழந்ததை நாம் அடிக்கடி பேசுகின்றோம். வளவை இழந்ததைக் குறைவாகவே பேசுகின்றோம். கொல்லைப்புறத்து ஆடாதோடையும், வேலியோரத்து நொச்சியும், கிணற்றடி வல்லாரையும் அந்த வளவோடு போயின. எந்த வேரை எந்த மாதத்தில் தோண்ட வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அறிந்திருந்த பரிசாரியாரும் வேறெங்கோ பெயர்ந்து போனார் அல்லது காலமானார். இன்று எமது கைக்குக் கிடைப்பது கடையில் பொதி செய்து விற்கும் காய்ந்த வேரும் தூளும்தான். அதனுள் இருப்பது எந்தச் செடி என்று விற்பவருக்கே தெரியாமலிருக்கலாம்.

இதே இடம்பெயர்வு ஆஸ்பத்திரிக்கான பாதையையும் நீளமாக்கியது. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு ஒரு நாள் கிளினிக் என்றால் ஒரு நாள் சம்பளம் இல்லை. பஸ் காசு வேண்டும், கூடப் போக ஆள் வேண்டும், பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும். மார்பிலே கட்டி இருப்பதை ஆண் வைத்தியரிடம் காட்டக் கூச்சம் வேறு. இவற்றுக்கு முன்னால் பக்கத்து வீட்டார் சொன்ன கசாயம் இலகுவானது. ஆகவே தாமதிப்பவரை அறிவில்லாதவர் என்று ஏசுவது நியாயமல்ல. ஆயினும் அந்தத் தாமதத்துக்கு உயிரால் விலை கொடுக்க நேரிடுகிறது என்பதைச் சொல்லாமல் விடுவதும் நியாயமல்ல.

பட்டிப்பூ சொல்லும் பாடம்

பட்டிப்பூ என்று நாமும் நித்தியகல்யாணி என்று தமிழகத்தாரும் அழைக்கும் செடியில் புற்றுநோய்க்கு மருந்து உண்டா? உண்டு. பல நாடுகளில் இச்செடியை நீரிழிவுக்கு அவித்துக் குடித்து வந்தனர். ஜமைக்காவிலிருந்து இதன் இலைகள் 1952இல் கனடாவுக்கு அனுப்பப்பட்டன. அங்கே றொபேர்ட் நோபிள், சார்ள்ஸ் பியர் ஆகிய ஆய்வாளர்கள் நீரிழிவு மருந்தைத் தேடி அதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்தனர். சீனியின் அளவு குறையவில்லை. எலிகளின் வெள்ளைக் குருதிக் கலங்களோ பெருமளவு குறைந்தன. வெள்ளைக் கலங்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய் என்று சிந்தித்தார்கள். இவ்வாறு 1958இல் வின்பிளாஸ்டீன் என்ற மருந்து வெளிப்பட்டது. அதன் பின்னர் அதே செடியிலிருந்து வின்கிறிஸ்டீன் என்ற மருந்தும் பிரித்தெடுக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் உலகெங்கும் வின்கிறிஸ்டீன் கொடுக்கப்படுகிறது.

அப்படியானால் இலையை அவித்துக் குடித்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கிராம் வின்கிறிஸ்டீன் எடுப்பதற்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை தேவைப்படுகிறது. நாம் ஒரு பிடி இலையை அவிக்கும்போது அந்த மருந்து போதிய அளவில் வருவதில்லை. ஆனால் அச்செடியிலுள்ள வேறு நச்சுப் பொருட்கள் வயிற்றுக்குள் போகின்றன. பிரித்தெடுத்த மருந்தும் கடுமையானதே. அதை வைத்தியசாலையில் நோயாளியின் உடலளவைக் கணக்கிட்டு, இரத்தத்தைப் பரிசோதித்து, நரம்பு வழியாக மாத்திரம் ஏற்றுகிறார்கள். கசாயச் சட்டியில் அந்தக் கணக்கு இல்லை.

ஒரு கசாயத்தின் ஆய்வு

எமது நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. கருஞ்சீரகம், நன்னாரி வேர், பறங்கிச்சக்கை இனத்துக் கிழங்கு ஆகிய மூன்றையும் சேர்த்த ஒரு கசாயத்தை இலங்கையின் சுதேச வைத்தியக் குடும்பமொன்று பரம்பரையாகப் புற்றுநோயாளருக்குக் கொடுத்து வந்தது. பேராசிரியர் ஐரா தப்ரூவும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதைச் சோதித்தனர். ஈரலில் புற்றுநோயை உண்டாக்கும் இரசாயனம் கொடுக்கப்பட்ட எலிகளில், கசாயம் பெற்றவற்றுக்குப் புற்றுநோயின் ஆரம்ப மாற்றங்கள் குறைவாக இருந்தன என்று 2003இல் எழுதினார்கள். ஆய்வுகூடத்தில் வளர்த்த ஈரல் புற்றுநோய்க் கலங்களின் பெருக்கத்தை அக்கசாயம் தடுத்தது என்று 2005இல் எழுதினார்கள்.

இது பெருமைக்குரிய வேலை. சுதேச வைத்தியர் தமது முறையைத் திறந்து வைத்தார், விஞ்ஞானி அதை மரியாதையோடு சோதித்தார். ஆனால் எலியில் கண்டது எலிக்குரிய முடிவு. மனிதரின் புற்றுநோயை இக்கசாயம் குணப்படுத்தும் என்று அந்த ஆய்வுகள் நிரூபிக்கவில்லை. இந்த வேறுபாட்டை மறைத்து மருந்து விற்பவர்கள் நாட்டு வைத்தியத்தின் நண்பர்கள் அல்லர்.

கருஞ்சீரகத்தின் சிறப்பு நபிமொழியிலே சொல்லப்பட்டிருப்பதால் முஸ்லிம் வீடுகளில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. அந்த மதிப்பில் நாம் கைவைக்க வரவில்லை. நோய்க்கு மருந்து தேடிச் செல்லுங்கள் என்ற போதனையும் அதே நபிமொழி மரபிலேதான் இருக்கிறது. ஆகவே வைத்தியரைத் தேடிப் போவது நம்பிக்கைக் குறைவு ஆகாது.

'கட்டி கரைந்தது' என்ற கதை

கசாயம் குடித்துப் பலருக்குச் சுகமாகியிருக்கிறதே என்று சொல்வோர் உண்டு. பெண்களின் மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. சில தாமாகவே சுருங்கிப் போகின்றன. தசையை எடுத்துப் பரிசோதிக்காமல் பற்றுப் போட்டவருக்கு, தமக்கு வந்தது எது என்றே தெரியாது. அவருடைய கட்டி கரைந்த கதை, உண்மையாகவே புற்றுநோய் வந்த இன்னொரு பெண்ணின் காதில் விழுகிறது. அவரும் பற்றுப் போட்டுக் காத்திருக்கிறார். அவருடைய கட்டி கரைவதில்லை. வேறு சிலர் சத்திரசிகிச்சை செய்த பின்னர் கசாயமும் குடித்திருப்பார்கள். ஊரார் வாயில் கசாயம் மட்டுமே மிஞ்சும்.

கத்தி பட்டால் நோய் பரவும் என்ற பயமும் எம் மத்தியில் உண்டு. பரிசோதனைக்காக ஊசியால் தசை எடுப்பதால் புற்றுநோய் உடலெங்கும் பரவிவிடுவதில்லை. சிகிச்சை இல்லாமல் விடுவதாலேயே அது பரவுகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட கணக்கின்படி, வைத்தியசாலைச் சிகிச்சையை விட்டு மாற்று மருந்தை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் அபாயம் ஏனையோரை விட இரண்டரை மடங்கு. மார்புப் புற்றுநோயில் அது ஐந்து மடங்குக்கும் அதிகம்.

இலை என்பதால் தீங்கில்லையா?

மூலிகைதானே, குணமாகாவிட்டாலும் கெடுதி செய்யாது என்று நினைப்பதும் சரியல்ல. பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகைக் குளிசை விழுங்கிய பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது 1993இல் வெளிவந்தது. ஒரு வேருக்குப் பதிலாக, பெயர் ஒத்த வேறொரு வேர் கலந்துவிட்டதே காரணம். அவர்களுள் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் இருந்தது 2000ஆம் ஆண்டில் தெரியவந்தது. அந்த வேர் எமது ஈஸ்வரமூலி, ஆடுதின்னாப்பாளை ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. கடைப் பொதியை நம்ப வேண்டிய நிலையிலுள்ள எமக்கு இது பெரிய எச்சரிக்கை. முள் அன்னமுன்னாவும் அப்படியே. அதன் இலையையும் பழத்தையும் தொடர்ந்து உட்கொண்டோருக்கு நடுக்கமும் நடை தளர்வும் தரும் நரம்பு நோய் கூடுதலாகக் காணப்பட்டதாக, கரீபியன் தீவான குவாதலூப்பில் 1999இல் அறிக்கையிட்டார்கள்.

சமிபாட்டுக்கு நல்லதென்று நாம் வாயில் அடக்கும் வெற்றிலைக் கூட்டையும் இங்கே சொல்ல வேண்டும். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் அறிவித்தது. எமது நாட்டு ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். களைப்புத் தெரியாமலிருக்க வயலில் நாள் முழுதும் வெற்றிலை போடும் தந்தையருக்கு இதை அவர்களின் பிள்ளைகள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

மார்பில் கட்டி, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வாயில் வெள்ளைப் படை, வாய் திறக்க முடியாமை, விழுங்கக் கஷ்டம், மாதவிலக்கு நின்ற பின் இரத்தப் போக்கு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் முதலில் பரிசோதனைக்குச் செல்லுங்கள். கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. சுமார் 40 கிலோமீற்றர் தூரத்தில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. ஆகவே எல்லாவற்றுக்கும் மஹரகமவுக்கே போகவேண்டும் என்று பயப்படத் தேவையில்லை. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை செய்கிறார்கள். மார்பையும் பார்க்கிறார்கள். கூச்சமுள்ள சகோதரிகளுக்கு அது நல்ல வாசல்.

சிகிச்சை தொடங்கிய பின் கசாயம் குடிப்பதானால் வைத்தியரிடம் மறைக்காதீர்கள். சில மூலிகைகள் மருந்தின் வேலையைக் குழப்பும். சில ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் சுமையாகும். மருந்து ஏற்றும் காலத்தில் வெள்ளைக் கலங்கள் குறைவதால் பச்சை இலைச் சாறும் பச்சைக் கீரைச் சம்பலும் கிருமித் தொற்றைக் கொண்டு வரலாம். சத்திக்கும் முடி உதிர்வுக்கும் பயந்து இடைநடுவில் சிகிச்சையை விட்டு விடாதீர்கள். அந்தத் துன்பத்தைத் தணிக்கவும் மருந்துண்டு. கேட்டால் தருவார்கள்.

பரிசாரிமாரிடமும் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஆறாத புண்ணோ வளரும் கட்டியோ உங்களிடம் வந்தால், முதலில் ஆஸ்பத்திரியில் காட்டி வா என்று சொல்லுங்கள். உங்கள் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு எந்தச் சுவரொட்டிக்கும் இல்லை. வைத்தியசாலையில் பணிபுரிவோரிடம் நாம் கேட்பது, கசாயம் குடித்தேன் என்று ஒரு தாய் சொன்னால் ஏசாதீர்கள் என்பதே. ஏச்சு வாங்கியவர் அடுத்த முறை உண்மையைச் சொல்ல மாட்டார். அல்லது வரவே மாட்டார்.

பள்ளிவாசல், கோயில், தேவாலயம், மாதர் சங்கம், விவசாயிகள் சங்கம் எதுவானாலும் மாதமொரு முறை சிறு தொகை சேர்த்து, கிளினிக்குக்குப் போகும் குடும்பத்தின் பஸ் செலவையும் ஒரு நாள் கூலியையும் பொறுப்பேற்க முடியாதா? கடற்கோள் நேரத்தில் யார் எந்த மதம் என்று பாராமல் சோறு பகிர்ந்த மக்கள் நாம். பட்டிப்பூவை அவித்துக் கொடுக்க ஓடி வரும் அதே அன்பு, நோயாளியின் கைபிடித்து பஸ் ஏற்றிவிடவும் வரட்டும். பிழைக்கக்கூடியவர்கள் பலர் அதனால் பிழைப்பார்கள்.